உறங்காத கால்கள், குறைந்துபோன இரும்பு

இரவு சாப்பிட்டுப் படுக்கையில் சாய்ந்த சற்று நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல், இழுப்பதுபோல், குடைவதுபோல் ஒரு தொந்தரவு தொடங்குகிறது. காலை நீட்டினாலும் மடக்கினாலும் அடங்குவதில்லை. எழுந்து நாலு எட்டு நடந்தால் குறைகிறது. திரும்பப் படுத்தால் மறுபடியும் வருகிறது. விடியப் போகும் நேரத்தில்தான் கண் அயர்கிறது. கொங்குப் பக்கம் இதை “காலு கொடையுதுங்க”, “வெச்ச எடத்துல காலை வெக்க முடியலீங்க” என்று சொல்வார்கள். வேலை அலுப்பு, வாயு, நரம்புத் தளர்ச்சி, வயசு என்று ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு, தைலம் தேய்த்து, பிள்ளைகளைக் காலை அமுக்கிவிடச் சொல்லி, ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இதற்கு மருத்துவத்தில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். அமைதியற்ற கால் நோய் எனலாம். உயிரைக் குடிக்கும் நோயல்ல. ஆனால் தூக்கத்தைக் கெடுத்து, பகல் முழுவதையும் சோர்வாக்கி, மனத்தையும் தளர்த்திவிடும். பரம்பரையாக வருவதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் இந்த நோயைத் தூண்டும் காரணங்களில் முதன்மையானது உடலில் இரும்புச்சத்து குறைவது. அதை மாற்ற முடியும். பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகையோடு வாழும் மாநிலத்தில், இரவு ஷிப்ட்டில் பெண்கள் நூல் நூற்கும் கோவை வட்டாரத்தில், இந்த உண்மை உரிய கவனத்தைப் பெறவில்லை. அதைப் பெற்றுத்தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது இந்த நோய், எது இல்லை

இந்த நோயை உறுதிசெய்ய ஸ்கேன் எதுவும் தேவையில்லை; நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாலே போதும். சர்வதேச ஆய்வுக் குழு வகுத்த ஐந்து அடையாளங்களையே உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். காலை அசைத்தே தீரவேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் அது தொடங்குவது அல்லது கூடுவது. நடந்தாலோ காலை நீட்டி மடக்கினாலோ தணிவது. மாலையிலும் இரவிலும் மோசமாவது. இவையெல்லாம் வேறொரு நோயால் வந்தவையல்ல என்று தெளிவாவது. ஐந்தும் பொருந்தினால்தான் இந்த நோய்.

கடைசி அடையாளத்தில்தான் நம் ஊரில் குழப்பம் அதிகம். கெண்டைக்கால் சதை திடீரென்று கல்லாக இறுகி வலித்தால் அது சதைப்பிடிப்பு. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்குக் காலில் ரத்த நாளம் சுருண்டு புடைத்து, மாலையில் கனத்துப்போவது வெரிகோஸ் வெயின். காலை உயர்த்தி வைத்தால் அது குறையும், அமைதியற்ற கால் நோய் அப்படிக் குறையாது. சர்க்கரை நோயாளியின் பாதம் எரிவதும் மரத்துப்போவதும் நரம்பு பாதிப்பு. நடப்பதால் அது பெரிதாகத் தணிவதில்லை. ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே “கால் வலிக்குதா?” என்று மட்டும் கேட்டால் நோய் பிடிபடாது. “எந்நேரத்துல வருது, நடந்தா கொறையுதா?” என்று கேட்க வேண்டும்.

இரும்பைக் கண்டுபிடித்த கதை

இந்தத் தொந்தரவை முதலில் எழுதிவைத்தவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ்; ஆண்டு 1672. அதன்பிறகு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1940களில் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் நோயாளிகளைத் திரட்டி ஆராய்ந்து, இதற்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார். அவர்களில் ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இருந்ததைக் கவனித்தவரும் அவரே. 1953இல் அதே நாட்டு மருத்துவர் நோர்ட்லாண்டர் இரும்பை ஊசி வழியாக ரத்த நாளத்தில் செலுத்திப் பார்த்தார். நோயாளிகள் நன்றாக உறங்கினார்கள். ரத்தத்தில் இரும்பு சரியாகத் தெரிந்தாலும் திசுக்களுக்குள் அது குறைந்திருக்கலாம் என்று அவர் அன்றே கருதினார்.

அரை நூற்றாண்டு கழித்து அறிவியல் அந்தக் கருத்தை உறுதிசெய்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளின் தண்டுவட நீரில் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2003இல் இந்த நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருநிறப் பகுதியில் இரும்பு பற்றாமல் இருந்தது தெரிந்தது. டோபமின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும் நொதிக்கு இரும்பு இன்றியமையாதது. மூளைக்குள் இரும்பு குறைந்தால் டோபமின் ஒழுங்கு குலைகிறது. கால்கள் அமைதி இழக்கின்றன. ரத்தத்தில் இரும்பின் அளவு இயல்பாகவே இரவில் தாழ்கிறது. தொந்தரவு இருட்டிய பிறகு தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரம்பரையின் பங்கையும் மறுக்க முடியாது. 2007இல் ஐஸ்லாந்து, ஜெர்மனி ஆய்வுக் குழுக்கள் இந்நோயோடு தொடர்புள்ள மரபணுக்களை அடையாளம் கண்டன. அவற்றில் ஒன்றைக் கொண்டவர்களுக்கு உடலின் இரும்புச் சேமிப்பே குறைவாக இருந்ததை ஐஸ்லாந்துக் குழு காட்டியது. அம்மாவுக்கோ பாட்டிக்கோ இந்தத் தொந்தரவு இருந்தால், அந்தக் குடும்பத்துப் பெண்கள் இரும்பு விஷயத்தில் மற்றவர்களைவிடக் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

கொங்கு மண்ணின் கணக்கு

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21இல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக அது சொல்கிறது. முந்தைய கணக்கெடுப்பில் இது 55 சதவீதம். தொழிலும் கல்வியும் மருத்துவமும் வளர்ந்த மாநிலத்தில் இந்த எண் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம். ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை என்றாலும், பெரும்பங்கு அதுதான்.

ரத்தசோகைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைச் சொல்லும் கணக்கும் இருக்கிறது. இரும்புக் குறைவால் ரத்தசோகை வந்து சிகிச்சைக்கு வந்தவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இந்நோய் இருந்தது.

இங்கே ஒரு முரணும் எழுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்குகள் சொல்ல, 2007இல் வெளிவந்த பெங்களூரு ஆய்வில் கிடைத்தது 2.1 சதவீதம்தான். இரும்பு குறைந்த நாட்டில் நோய் குறைவாக இருப்பது எப்படி? ஆசியர்களின் மரபணு வேறுபாடு ஒரு பங்கு வகிக்கலாம். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. ரவி குப்தாவும் சக ஆய்வாளர்களும் இமயமலைப் பகுதியின் உயரமான ஊர்களில் நடத்திய ஆய்வில் இந்நோய் சமவெளியைவிட அதிகமாகக் காணப்பட்டது. 2017இல் அது வெளியானது. ஒரு நாட்டுக்கெல்லாம் ஒரே எண் பொருந்தாது என்பதை அது காட்டுகிறது. பெங்களூரின் எண்ணை வைத்து உதகையையும் வால்பாறையையும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளையும் அளக்க முடியாது. அப்படியே 2 சதவீதம் என்று கொண்டாலும், கோவை மாவட்டத்தில் மட்டும் பல்லாயிரம் பேர் இரவில் உறக்கமின்றி நடந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

கோவையின் வாழ்க்கை முறைக்கும் இதில் பங்குண்டு. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும், 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகளும் இந்த ஊரின் உடலையே மாற்றியமைத்தன. இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை தொழிற்சாலையில் பெண்களுக்கு வேலை கொடுப்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தடுத்திருந்தது. அந்தப் பிரிவு செல்லாது என்று 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் சமஉரிமை என்ற அளவில் அது முக்கியமான தீர்ப்பு. அதன்பின் முழு நைட், அரை நைட் என்று மாறிமாறி வேலை பார்க்கும் இளம்பெண்கள் ஆலை விடுதிகளில் நிறைந்தார்கள். மாதவிடாயால் இரும்பை இழக்கும் வயது. அவசரமாகச் சாப்பிடும் விடுதிச் சாப்பாடு. தூக்கத்தை விரட்ட நடு இரவில் டீ. வாரத்துக்கு வாரம் மாறும் உறக்க நேரம். இந்நோய்க்கு வழிவிடும் காரணங்கள் ஒரே உடலில் ஒன்றுசேர்கின்றன. ஈரானில் வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்விலும், சுழல் ஷிப்ட்டில் வேலை செய்தவர்களிடம் பகல் வேலைக்காரர்களைவிட இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

ஹீமோகுளோபின் மட்டும் போதாது

நம் மருத்துவமனைகளில் ரத்தசோகையை அளப்பது ஹீமோகுளோபினை வைத்து. அது 12க்கு மேல் இருந்தால் “ரத்தம் நல்லாத்தான் இருக்குது” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ஹீமோகுளோபின் அடுப்பில் கொதிக்கும் சோறு என்றால், ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல். குதிர் காலியான பிறகும் சில நாள் அடுப்பில் சோறு வேகும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கும் பெண்கள் நிறைய.

இன்னொரு சிக்கல் ஆய்வக அறிக்கையில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால்தான் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பல ஆய்வகங்கள் இதையொட்டியே “நார்மல்” என்று அச்சிடுகின்றன. ஆனால் அமைதியற்ற கால் நோய் உள்ளவருக்கு வரம்பு வேறு. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று சர்வதேச வல்லுநர் குழு 2018இல் பரிந்துரைத்தது. 2025இல் வெளியான அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலும் அதே எல்லையைச் சொல்கிறது. அதாவது ஃபெரிட்டின் 30 என்று வந்த அறிக்கையில் “நார்மல்” என்று அச்சாகியிருந்தாலும், இரவில் கால் குடைகிறவருக்கு அது குறைவுதான். காய்ச்சல், தொற்று, அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். ஆகவே உடல்நலம் தேறியபின், காலையில் வெறும் வயிற்றில், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் செறிவோடு சேர்த்துப் பார்ப்பது சரியான முறை.

அதற்காக இரும்பு மாத்திரையை அவரவர் விருப்பத்துக்கு வாங்கிச் சாப்பிடக் கூடாது. தலசீமியா உள்ளவர்களுக்கும், நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படும் அரிவாள் உயிரணு நோயால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும் உடலில் இரும்பு மிகுந்திருக்கலாம். வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் இரும்பு மாத்திரை இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. பரிசோதித்து, அளந்து, மருத்துவர் சொல்லும் காலம் வரை எடுப்பதே முறை.

தட்டிலும் டம்ளரிலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19. கொங்குச் சமையல் இதற்கு ஏழையல்ல. 100 கிராம் கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேலும், கம்பில் 6 மில்லிகிராம் அளவிலும் இரும்பு இருக்கிறது. கொள்ளுப்பருப்பு, கம்மங்கூழ், ராகிக்களி, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, ஆட்டு ஈரல், ரத்தப் பொரியல் எல்லாம் இந்த மண்ணின் சாப்பாடுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாகக் கம்பில் புதுப்புது ரகங்களை வெளியிட்டு வருகிறது. ஆனால் கம்பும் சோளமும் தினசரிச் சாப்பாட்டிலிருந்து விலகி, வெள்ளை அரிசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேராது. அவற்றிலுள்ள ஃபைட்டேட் தடுக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை அந்தத் தடையைக் குறைக்கும். முதல்நாள் கரைத்து வைத்துப் புளித்த கம்மங்கூழ், முளைகட்டிய கொள்ளு என்று நம் பாட்டிமார் செய்ததற்கு இந்த நன்மையும் உண்டு. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றின் வைட்டமின் சி இரும்பை உட்கவர உதவும். ஈரல், இறைச்சி, மீனில் உள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும்.

சாப்பிட்ட கையோடு டீயும் காபியும் குடிப்பதுதான் இந்த வட்டாரத்தின் பெரிய தடை. அவற்றின் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை வெளியேற்றிவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கஃபைன் சிலருக்கு நேரடியாகவே கால் தொந்தரவைக் கூட்டுவதால், பின்மதியத்துக்கு மேல் காபியைத் தவிர்ப்பது நல்லது. மதுவும் இரவு நேரத் தொந்தரவைக் கூட்டும்.

இரும்பு வெளியேறும் வழிகளையும் அடைக்க வேண்டும். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போவதைப் பெண்கள் விதி என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது; அதற்குச் சிகிச்சை உண்டு. வெறுங்காலோடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தம் உறிஞ்சும். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் குடற்புழு நீக்க முகாம்கள் குழந்தைகளுக்கு இதற்காகத்தான். 350 மில்லி ரத்தம் கொடுத்தால் 150 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போகிறது. அடிக்கடி ரத்ததானம் செய்யும் நல்ல மனத்தினர் ஃபெரிட்டினைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்கும் நல்லது. கேஸ் மாத்திரை என்று மாதக்கணக்கில் விழுங்கும் ஒமெப்ரசோல், பான்டொப்ரசோல் வகைகள் வயிற்று அமிலத்தைக் குறைத்து இரும்பு சேர்வதைத் தடுக்கும்.

கர்ப்பகாலம்

ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு இந்நோய் வருகிறது. கடைசி மூன்று மாதங்களில் உச்சத்தை எட்டி, குழந்தை பிறந்தபின் பெரும்பாலோருக்கு நின்றுவிடுகிறது. “புள்ளத்தாச்சின்னா தூக்கம் வராதுதான் கண்ணு” என்று மூத்த பெண்கள் ஆறுதல் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்த ஆறுதலோடு இரும்புப் பரிசோதனையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்பு-ஃபோலிக் மாத்திரை தர வேண்டும் என்பது 2018இல் தொடங்கிய ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின் விதி. மாத்திரை வீட்டுக்கு வந்துசேர்கிறது. ஆனால் மலச்சிக்கல், குமட்டல், கறுப்பு மலம் என்று பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதைப் பற்றி மருத்துவர் யோசிக்கலாம். இரும்புச் சேமிப்பு குறைந்த இளம்பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிக் கொடுக்கும்போது உடல் இரும்பை இன்னும் நன்றாக ஏற்றுக்கொள்வதைக் காட்டியது. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு கால் தொந்தரவைத் தூண்டக்கூடியது என்பதையும் மகப்பேறு மருத்துவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மருந்தே நோயைக் கூட்டும்போது

டோபமினைத் தடுக்கும் மருந்துகள் எல்லாமே இந்நோயைக் கிளறிவிடலாம். சளிக்கும் அரிப்புக்கும் தரும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், அதாவது குளோர்ஃபெனிரமைன், புரோமெத்தசின் போன்றவையும், இந்நோயைக் கூட்டக்கூடியவை. கால் தொந்தரவால் தூங்காதவர் தூக்கம் வரட்டும் என்று சளி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கினால் கால் இன்னும் குடையும். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் அப்படியே. அவற்றைத் தாமாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

முன்பு இந்நோய்க்கு முதல் மருந்தாகத் தரப்பட்டவை பிரமிபெக்சோல், ரோபினிரோல். முதலில் அற்புதமாகக் கேட்கும். ஆண்டுகள் போகப்போகப் பலருக்கு நோய் முன்னைவிட முன்கூட்டியே, பிற்பகலிலேயே தொடங்கி, கைகளுக்கும் பரவும். 2025 வழிகாட்டுதல் இவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. காபாபென்டின், பிரீகாபலின் வகைகளையும், தேவைப்படுவோருக்கு ஊசி வழி இரும்பையும் முன்வைக்கிறது.

உடலைப் பேணுவதன் பங்கு

அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. சரியான உடல் எடை, உடலுழைப்பு, புகைக்காமை ஆகிய நல்ல பழக்கங்கள் சேரச்சேர இந்நோய் வரும் வாய்ப்பு குறைந்தது. வாரம் மூன்று நாள், 12 வாரம் நடைப்பயிற்சியும் கால் தசைப் பயிற்சியும் செய்த நோயாளிகளுக்குத் தொந்தரவு தெளிவாகத் தணிந்ததை 2006இல் வந்த மற்றோர் ஆய்வு சொல்கிறது. ஆனால் படுக்கப்போகும் நேரத்தில் கடுமையான பயிற்சி வேண்டாம். அது சிலருக்குக் குடைச்சலைக் கூட்டும்.

சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம். டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் அமைதியற்ற கால் நோய் பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டிய அவர்களுக்கு அது பெரும் வேதனை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இன்று கட்டுக்குள் வைப்பது நாளைய சிறுநீரகத்தையும் நாளைய உறக்கத்தையும் காப்பாற்றும்.

செய்ய வேண்டியவை

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தக் கேள்விப் பட்டியலில் “ராத்திரி படுத்தா காலை ஆட்டாம இருக்க முடியுதுங்களா?” என்ற ஒரு வரியைச் சேர்க்கச் செலவு எதுவும் ஆகாது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தொழிலாளிப் பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, ஆமென்று சொல்கிறவர்களுக்கு ஃபெரிட்டின் பரிசோதனை செய்தால், கொங்கு வட்டாரத்தின் உண்மையான கணக்கு நம் கைக்கு வரும். ஆலை நிர்வாகங்கள் விடுதி உணவில் கொள்ளையும் கம்பையும் ஈரலையும் கொண்டுவந்து, ஷிப்ட் மாற்றத்தை வாரத்துக்கு வாரம் என்பதிலிருந்து மெதுவாக்க வேண்டும். உறங்கி எழுந்த தொழிலாளியே பாதுகாப்பான தொழிலாளி. அதை ஆலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது இரவில் கால் குடைச்சலோடு நடந்துகொண்டிருந்தால், தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் “நார்மல்” என்ற சொல்லைப் பார்த்துத் திருப்தியடையாமல், பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். அது 75ஐத் தாண்டவில்லை என்றால், இரும்பு தேவையா என்று அங்கேயே கேளுங்கள்.